ஆர்எக்ஸ் 100 பிளாக்: ரெடிமேட் செட்டா, ரீபோரா? ஒரு தர்மபுரி லேத் பட்டறை அனுபவம்

1996-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை இன்றும் ஓட்டுபவர்களுக்கு, பிளாக் (பிஸ்டன் உள்ளே ஏறி இறங்கும் சிலிண்டர்) தேய்ந்து தட்டல் சத்தம் வரத் தொடங்கியதும் இரண்டு வழிகள் உண்டு: பிஸ்டன், ரிங்கோடு பெட்டியில் வரும் ரெடிமேட் செட்டை வாங்கி மாட்டலாம்; அல்லது பழைய பிளாக்கையே லேத் பட்டறையில் போர் செய்து (உட்துளையைச் சற்றே பெரிதாகக் கடைந்து) அதற்கேற்ற ஓவர்சைஸ், அதாவது சற்றே பெரிய, பிஸ்டனைப் பொருத்தலாம். நான் இரண்டையும் செய்தவன். இந்த மதிப்புரை, இரண்டாவது வேலையைச் செய்து தந்த தர்மபுரிப் பட்டறையைப் பற்றியது.

முதலில் வாங்கிய ரெடிமேட் செட்டை மாட்டியவர் எதையும் அளக்கவில்லை. பிஸ்டனை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். இரண்டு வாரம் ஊருக்குள் நன்றாகவே ஓடிய வண்டி, சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் லாரி எதுவும் வராததும் கிளட்சைச் சட்டென்று பிடித்ததும்தான் என்னைக் காப்பாற்றின. அலுமினியப் பிஸ்டன் சூட்டில், பிளாக்கின் உட்சுவரான வார்ப்பிரும்பு லைனரைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அந்த விரிவுக்காக, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த பிளாக்கில் விடவேண்டிய இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய நான்கு பங்குதான். அதில் குறைவு ஏற்பட்டால் விரலுக்குத் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும்.

கீறல் விழுந்த செட்டை ஓரமாக வைத்துவிட்டு, எறியாமல் வைத்திருந்த பழைய பிளாக்கோடு பட்டறைக்குப் போனேன். "பிஸ்டன் கையில வந்தாத்தாங்க பிளாக்குல கை வைப்பேன்" என்று பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. 0.50 (மில்லிமீட்டர்) ஓவர்சைஸ் என்று அச்சிட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட நுண்ணளவில் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அவர் பெட்டியில் உள்ள எண்ணுக்குப் போர் செய்வதில்லை, கையிலுள்ள பிஸ்டனுக்குத்தான் செய்கிறார். பிஸ்டனின் பாவாடைப் பகுதியை, பிஸ்டன் பின் (pin) செல்லும் திசைக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்தார். பிளாக்கை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில், போர் கேஜ் விட்டுப் பார்த்தார். போர் செய்யும்போது கொஞ்சம் மிச்சம் விட்டு, அதை ஹோனிங்கில் (உரசுகல்லால் தேய்ப்பதில்) எடுத்தார். டூ ஸ்ட்ரோக் பிளாக்கில் போர் செய்தபின், சுவரில் வாயு வந்துபோகும் திறப்புகளான போர்ட்டுகளின் விளிம்பு கத்திபோல் கூராகிவிடும், அதில் ரிங் சிக்கினால் உடைந்துபோகும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் அந்த விளிம்பை அவர் ஒவ்வொரு போர்ட்டாக மழுக்கினார். ரிங்கைத் தனியாக உள்ளே இறக்கி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் சோதித்தார். கடைசியாக பிளாக்கைப் பெட்ரோலில் அலசித் தராமல், சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி எண்ணெய் தடவினார்; ஹோனிங் துகள் பெட்ரோலுக்கு முழுதாகப் போகாதாம்.

குறைகளும் உண்டு. ஒரு நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு நான்கு நாள் ஆனது, ரசீது கிடையாது, தொலைபேசியை எடுப்பதில்லை. ஆனாலும் பிஸ்டன் விலையையும் கூலியையும் சேர்த்தாலும் ரெடிமேட் செட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

பழைய பிளாக்கில் ஃபின் (சூட்டைத் தணிக்கும் வெளித் தகடு) உடைந்தோ லைனர் கடைசி ஓவர்சைஸ் அளவைத் தாண்டியோ இருந்தால் ரெடிமேட் செட் தவிர வேறு வழியில்லை. அப்போதும் மாட்டுவதற்கு முன் இதுபோன்ற பட்டறையில் அளக்கக் கொடுப்பேன். முதல் 500 கிலோமீட்டரை விரட்டாமல் ஓட்டி முடித்தபின் இருமுறை தொப்பூர் ஏறிவிட்டேன், இறுகவில்லை. இப்போது பிளாக் 0.50-இல் நிற்கிறது, 0.75, 1.00 என இன்னும் இரண்டு முறை போர் செய்ய அதில் இடமிருக்கிறது.