கற்பூரப் பொட்டலமும் ஐரோப்பியச் சட்டமும்: ஓர் ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்பீடு

ரீயூனியன் தீவின் சென்-ஆந்த்ரே நகரில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கும் நாங்கள், கற்பூரமும் சாம்பிராணியும் வாசனை எண்ணெயும் தமிழ்நாட்டிலிருந்து தருவிக்கிறோம். தீவு பிரான்சின் பகுதி என்பதால், பாரிசில் செல்லுபடியாகும் ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டங்கள் இங்கும் அப்படியே செல்லுபடியாகும். இந்தியச் சரக்கைத் தருவித்து இங்கே இறக்குபவர் எவ்வளவு சிறிய கடைக்காரரானாலும் சட்டப்படி இறக்குமதியாளர் அவரே. இதற்காகப் பிரான்சிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி ஓராண்டு ஆகிறது.

எங்கள் தவறான நிம்மதியை அவர்கள் முதலிலேயே கலைத்தது பெரிய உதவி. 2007இல் நடைமுறைக்கு வந்த, வேதிப்பொருள்களின் பதிவு பற்றிய ரீச் என்ற ஐரோப்பியச் சட்டப்படி, ஒரு வேதிப்பொருளை ஆண்டுக்கு 1 டன் அல்லது அதற்கு மேல் இறக்குபவரே ஹெல்சின்கியிலுள்ள ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் கற்பூரம் அந்த அளவை எட்டாததால் வேறு கடமை இல்லையென்றே இருந்துவிட்டோம். ஆனால் அபாய வகைப்பாட்டையும் எச்சரிக்கைச் சீட்டையும் பற்றிய சிஎல்பி சட்டத்துக்கு எடை வரம்பே கிடையாது. தீப்பற்றும் திடப்பொருளான கற்பூரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு மாதத்துக்குள் அதன் வகைப்பாட்டை முகமைக்கு அறிவிக்க வேண்டும். பொட்டலத்தில் சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர்ச் சின்னமும், பிரெஞ்சு மொழியில் எச்சரிக்கை வாசகமும் இருக்க வேண்டும். தீமிதிக் காலத்தில் பிள்ளைகள் கையிலும் கற்பூரம் புழங்கும் ஊரில் இது வெறும் காகிதச் சடங்கு அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

தயாரிப்பாளர் அனுப்பிய பாதுகாப்புத் தரவுத்தாளை, அதாவது பொருளின் அபாயங்களையும் கையாளும் முறையையும் விவரிக்கும் ஆவணத்தை, 16 பகுதிகளும் விடாமல் படித்து, எங்கெங்கே ஐரோப்பிய விதிக்குப் பொருந்தவில்லை என்று குறித்து, அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சீட்டு விஷயத்தில் சறுக்கினார்கள். 3 லிட்டர் வரையான பொட்டலத்துக்குச் சீட்டு, இயன்றால் 52க்கு 74 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டிப் பொட்டலத்தையே பெரிதாக்கச் சொன்னார்கள். 125 மில்லிலிட்டருக்கு மேற்படாத சிறு பொட்டலங்களுக்குத் தனிச் சலுகைகள் உண்டு என்பதை நாங்களே தேடிக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அச்சடித்த அட்டைகளின் செலவு எங்கள் தலையில் விழுந்தது.

வாசனை எண்ணெய்களில் அபாயக் கலவை என வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு, நச்சு மையங்களுக்கான (நச்சுப் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவ ஆலோசனை தரும் அமைப்புகளுக்கான) அறிவிப்பும் சீட்டில் 16 எழுத்தெண் கொண்ட தனி அடையாளக் குறியும் தேவை. அந்த வேலையைப் பிழையின்றி முடித்தார்கள். ஆனால் மல்லிகைக்கு ஒன்று, சந்தனத்துக்கு ஒன்று என மணத்துக்கு மணம் தனிக் கட்டணம் வாங்கினார்கள். நாலைந்து சரக்கு மட்டும் விற்கும் கடைக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல மணங்கள் விற்பவர்கள் மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்பே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும்.