டூம் 3 வி.ஆரில் விளையாட எது நல்லது? லைட் எந்தக் கையில் என்று பாருங்கள்

இருட்டில் பேய்களைச் சுடுகிற டூம் 3 என்ற வீடியோ கேமை வி.ஆர். ஹெட்செட் (விளையாட்டுக்குள்ளேயே நிற்கிற மாதிரி காட்டும் கண் கருவி) மாட்டிக்கொண்டு விளையாட மூன்று வழி இருக்கிறது. ஒன்று, 2021 மார்ச்சில் சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். ஹெட்செட்டுக்கு முறைப்படி வெளிவந்த 'டூம் 3: வி.ஆர். எடிஷன்'. இரண்டு, டீம் பீஃப் என்ற ரசிகர் குழு குவெஸ்ட் ஹெட்செட்டுக்காகச் செய்து கொடுத்த 'டூம்3குவெஸ்ட்'. மூன்று, டூம் 3-இன் மறுபதிப்பான பி.எஃப்.ஜி. எடிஷனை வைத்து கம்ப்யூட்டரில் ஓடும் 'ஃபுல்லி பொசஸ்டு' என்ற மாட், அதாவது ரசிகர்கள் விளையாட்டில் செய்த மாற்றம். நான் குவெஸ்ட் 2 வாங்கி இரண்டாவது வழியில் போனேன். முதலாவதை சூலூரில் நண்பன் வீட்டில் மூன்று சாயங்காலம் விளையாடியிருக்கிறேன். மூன்றாவதை ஈரோட்டில் மச்சான் கம்ப்யூட்டரில் கால் மணி நேரம் தொட்டதோடு சரி. அதனால் அதைப் பற்றி இங்கே பெரிதாகப் பேசப்போவதில்லை.

எல்லோரும் கேட்கிற விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். குவெஸ்டில் ஒயர் கிடையாது. பிளேஸ்டேஷன் வி.ஆரில் பெட்டி, கேமரா, நாலைந்து கேபிள் எல்லாம் உண்டு. படக் கூர்மை குவெஸ்ட் 2-இல்தான் அதிகம்: ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளி, அங்கே 960க்கு 1080. விளையாட்டின் இரண்டு கூடுதல் பாகங்களும் பிளேஸ்டேஷன் பதிப்பில் சேர்ந்தே வருகின்றன. அதை வாங்கிப் போட்டால் உடனே விளையாடலாம். குவெஸ்டுக்கோ கம்ப்யூட்டரில் உங்களுடைய பழைய டூம் 3 இருக்க வேண்டும். அதன் ஃபைல்களைக் கேபிள் வழியாக ஹெட்செட்டுக்குள் ஏற்ற வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போனது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் முடிவெடுக்கவில்லை. என் முடிவுக்குக் காரணம் பேட்டரி லைட்.

2004 ஆகஸ்டில் டூம் 3 வந்தபோது அதன் பயமே அந்த லைட்டில்தான் இருந்தது. கதை நடப்பது 2145-இல், செவ்வாய்க் கிரகத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே வெளிச்சம் விழாத இடமெல்லாம் ஒரே கருப்பு. லைட்டைக் கையில் எடுத்தால் துப்பாக்கி உள்ளே போய்விடும், துப்பாக்கியை எடுத்தால் லைட் போய்விடும். பார்ப்பதா, சுடுவதா என்று ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் யோசிக்க வேண்டும். பல பேருக்கு அது பிடிக்கவில்லை. துப்பாக்கியோடு லைட்டை டேப் போட்டு ஒட்டிய மாதிரி ஒரு மாட்டை ரசிகர்களே சீக்கிரத்தில் செய்துவிட்டார்கள். 2012-இல் பி.எஃப்.ஜி. எடிஷன் வந்தபோது விளையாட்டைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமும் லைட்டைக் கவச உடையில் மாட்டிவிட்டது.

அதே 2012-இல் டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், டேப் சுற்றிய ஒரு சோதனை ஹெட்செட்டை ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சிக்குக் கொண்டுபோய் இந்த பி.எஃப்.ஜி. எடிஷனைத்தான் அதில் போட்டுக் காட்டினார். இன்றைய வி.ஆர். அலை கிளம்பிய இடங்களில் அதுவும் ஒன்று. அடுத்த வருஷம் அவரே அந்த ஹெட்செட்டைச் செய்த ஓக்குலஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார். வி.ஆருக்கான முறையான டூம் 3 வந்து சேர ஒன்பது வருஷம் ஆனது. அதிலும் லைட் துப்பாக்கியின் மேல்தான் இருக்கிறது.

அது தப்பு என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு இருட்டில் லைட் பிடித்துப் பழக்கம். எங்கள் தோட்டத்துக்கு அப்போதெல்லாம் த்ரீ ஃபேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் போடவும் மடை மாற்றவும் அப்பாவோடு நானும் போவேன். இடது கையில் லைட், வலது கையில் தடி. லைட் ஒரு பக்கம் பார்க்கும்போது தடி இன்னொரு பக்கம் தயாராக இருக்கும். காலடியில் வெளிச்சம் இருந்தால் வரப்பு இருட்டு, வரப்பில் அடித்தால் காலடி இருட்டு. அந்த வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் பயம்.

லைட் துப்பாக்கியோடு ஒட்டியிருந்தால் பார்க்கிற இடமும் சுடுகிற இடமும் ஒன்றாகிவிடும். மூன்று சாயங்காலமும் எனக்கு அப்படித்தான் இருந்தது. வெளிச்சம் போன இடத்துக்கெல்லாம் குறியும் கூடவே போய்விடுகிறது. நல்ல துப்பாக்கி விளையாட்டுதான், ஆனால் பயம் பாதி குறைந்துவிட்டது.

டூம்3குவெஸ்டில் லைட்டை இடது கையிலேயே பிடிக்கலாம். கேட்பதற்கு இது 2004-ஐ விட எளிது மாதிரி தெரியும், லைட்டும் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் கையில் இருக்கின்றன அல்லவா? விளையாடிப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு கையில் பிடித்த ஷாட்கன் ஆடிக்கொண்டே இருக்கும். குறி நிற்க வேண்டுமென்றால் இடது கையாலும் தாங்க வேண்டும். தாங்கிவிட்டால் அந்தக் கையால் வேறு பக்கம் வெளிச்சம் காட்ட முடியாது. பார்ப்பதா, சுடுவதா என்ற பழைய கேள்வி திரும்ப வந்துவிடுகிறது. இந்த தடவை அதைக் கேட்பது நம் கையே.

முதுகுப் பக்கம் திரும்புவதும் இப்படித்தான். டூம் 3 பின்னாலிருந்து ஆளை அடிக்கிற விளையாட்டு. பிளேஸ்டேஷனில் நம் அசைவைக் கவனிக்கிற கேமரா ஒன்றுதான், அதுவும் முன்னால் இருக்கிறது. உடம்போடு முழுக்கத் திரும்பினால் கையில் இருப்பது கேமராவுக்கு மறைந்துவிடும். அதற்காகவே சட்டென்று பின்னால் திரும்ப ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். குவெஸ்டில் நானே திரும்புகிறேன். முதலில் இடது கை மட்டும் பின்னால் போகும், வெளிச்சம் விழும், அப்புறம்தான் தலையும் துப்பாக்கியும். பட்டனை அழுத்துவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

பிளேஸ்டேஷன் பக்கம் எனக்கு மனதாரப் பிடித்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒன்று, துப்பாக்கி வடிவில் வந்த அந்த ஏம் கன்ட்ரோலர். நிஜமாகவே துப்பாக்கி மாதிரி இரண்டு கையிலும் உட்காருகிறது. ஷாட்கன் அதில்தான் சுட வேண்டும். குவெஸ்டில் காற்றைப் பிடித்த மாதிரிதான். இன்னொன்று கருப்பு. அது ஓ.எல்.இ.டி. திரை, கருப்பான புள்ளி ஒளியே விடாது, கருப்பு என்றால் கருப்பு. என் குவெஸ்ட் 2, பின்னால் விளக்கு எரிகிற எல்.சி.டி. திரை என்பதால் இருட்டுப் பாதைகள் கொஞ்சம் சாம்பலாகத் தெரிகின்றன. இருட்டையே நம்பி நிற்கிற விளையாட்டுக்கு இது சின்னக் குறை இல்லை. மூக்குப் பக்கத்து இடைவெளி வழியாகவும் வெளிச்சம் வரும், அதனால் விளக்கை அணைத்துவிட்டு ராத்திரியில்தான் விளையாடுகிறேன். ஓ.எல்.இ.டி. திரை உள்ள முதல் குவெஸ்டில் இந்தச் சாம்பல் பிரச்சினை இருக்காது, ஆனால் அதில் நான் விளையாடியதில்லை.

சத்தத்துக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறிக் கூடம், ராத்திரியிலும் தறி ஓடும். குவெஸ்டின் வார் ஸ்பீக்கரில் தறிச் சத்தத்தைத் தாண்டி எதுவும் கேட்காது. பின்னால் வருகிறதா, மேலே இருக்கிறதா என்று காதால் கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டு இது. காதை அடைக்கிற இயர்போன் போட்ட பிறகுதான் விளையாட்டு விளையாட்டாக இருந்தது. சித்திரை வெயிலில் முகத்துப் பஞ்சு வியர்வையில் ஊறிவிடும், சிலிக்கான் உறை போட்டுவிடுங்கள். தலைசுற்றல் எனக்கு முதல் வாரம் நன்றாகவே இருந்தது. உட்கார்ந்து விளையாடிய பிளேஸ்டேஷனில் அவ்வளவு இல்லை. மூன்று சாயங்காலத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

போன மாதம் அப்பா கேட்டார் என்று அவருக்கும் மாட்டிவிட்டேன். புதுசுதானே என்று லைட்டைத் துப்பாக்கியிலேயே வைத்துக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் அப்படியும் இப்படியும் பார்த்தார்.

"ஏங்கண்ணு, லைட்டும் தடியும் ஒரே கையில இருந்தா எப்படி? லைட்டு ஒரு பக்கம் இருக்கோணும், தடி ஒரு பக்கம் இருக்கோணும். பின்னால வந்தா எதுல பாப்ப?"

இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன். லைட்டை உடம்பிலிருந்து தள்ளித் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், தோட்டத்தில் பிடிக்கிற மாதிரியே. அரை மணி நேரம் ஒரு தடவைகூடச் சுடவில்லை. ஒவ்வொரு மூலையிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைத்தார்.