கூளமா, கூண்டா, பரணா? வடசென்னைக் கோழிக் கொட்டகைக்கு எது ஒத்துவரும்

செங்குன்றம் மேட்டு நிலத்தில் வருஷம் முழுக்க நன்றாக ஓடும் ஆழ்கூளக் கொட்டகையை (தரையில் தடிமனாக உமி பரப்பி அதன்மேல் கோழி வளர்ப்பது), அதே அளவில், அதே உமியோடு மணலி புதுநகரில் போட்டால் கார்த்திகை தாண்டாது. கோழியும் அதேதான், தீவனமும் அதேதான், தரையில் ஊறும் ஈரம்தான் வேறு. வடசென்னையில் கொட்டகையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒன்று, மழையில் தரைக்கு வருவது. இன்னொன்று, குழாயில் வரும் உப்புத் தண்ணீர்.

20 முதல் 100 கோழி வரை வைப்பவர்களை மனதில் வைத்து மூன்று முறைகளையும் பார்க்கலாம்.

ஆழ்கூளம்

செலவு குறைவு. கோழி கிளறும், மண் குளிக்கும், அதன் இயல்பில் இருக்கும். முட்டைக்கோழிக்கு ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். 20 கோழிக்கு 8 அடிக்கு 5 அடி. அதில் 3 அங்குல உயரத்துக்கு உமி பரப்ப ஏறக்குறைய 30 கிலோ பிடிக்கும். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் இருப்பதால் உமிக்கு அலைய வேண்டியதில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 6 அங்குலம் வரை ஏற்றலாம்.

கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதை உறிஞ்சிக் காற்றில் விடுவதுதான் உமியின் வேலை. காற்றே ஈரமாக இருந்தால் விட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கூளம் கெடுவதற்கு இதுதான் காரணம். ஒரு பிடி கூளத்தை எடுத்து அழுத்திவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். உதிர்ந்துகொண்டே விரிந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் அன்றே அந்த இடத்தை அள்ளிவிட்டு புது உமி போட வேண்டும். தொட்டாலே சேராமல் தூசியாகப் பறந்தாலும் நல்லதல்ல, சளி பிடிக்கும். வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிடுவது கட்டாயம். முழங்கால் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறதா? ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு அது. கோழி நாள் முழுக்க அந்த உயரத்தில்தான் மூச்சு விடுகிறது.

ஈரக் கூளம் கொண்டுவரும் பெரிய கேடு ரத்தக் கழிச்சல். எச்சத்தில் வெளிவரும் கிருமி முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். 3 முதல் 6 வாரக் குஞ்சுகள் முதலில் விழும். மருந்து கொடுத்து நிறுத்தினாலும் கூளம் காயாவிட்டால் திரும்ப வரும்.

எனவே இது தரை உயர்ந்த இடத்துக்கான முறை. சிமெண்ட் தரை, சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும். மொட்டை மாடியிலும் நன்றாக வரும். ஆனால் வெயிலுக்கு ஷீட் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்காமல் சித்திரையைத் தாண்ட முடியாது.

கூண்டு

முட்டை மட்டும்தான் நோக்கம், இடம் சிறியது என்றால் கூண்டு. வெள்ளை லெகார்ன் வகை முட்டைக்கோழிக்கு ஏற்றது. முட்டை சரிவில் உருண்டு முன்னால் வந்து நிற்கும், எச்சம் படாது. எந்தக் கோழி முட்டை போடவில்லை என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். நாட்டுக்கோழிக்குக் கூண்டு வேண்டவே வேண்டாம். அடை உட்கார வழியில்லை, கிளற இடமில்லை, ஒன்றையொன்று கொத்தும். பறவைக்கு நாம் செய்யும் கொடுமை அது.

எண்ணூர், காசிமேடு பக்கம் வாங்குபவர்கள் கம்பி வாங்கும்போது ஏமாறக் கூடாது. துத்தநாகம் பூசிய கம்பியைப் பிறகு வெல்டிங் செய்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு எரிந்துபோகும், கடல் உப்பு அங்கேதான் முதலில் கடிக்கும். வெல்டிங் முடித்தபின் துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலை விலை அதிகம், ஆனால் நிற்கும். முடிச்சை நகத்தால் தடவிப் பாருங்கள். முக்கியெடுத்த வலையில் மூலை உருண்டையாக நிரம்பியிருக்கும். மற்றதில் கூர்மையாக, பழுப்புப் புள்ளியோடு இருக்கும்.

கூண்டுக்கடியில் சேரும் எச்சம் அக்கம்பக்கத்துச் சண்டைக்கு வித்து. ஒரு கோழி நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் போடும், 20 கோழிக்கு 2 கிலோ. நம் வெப்பத்தில் ஈ முட்டையிட்டுப் புது ஈயாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஐந்து நாளைக்கு ஒருமுறை வாரினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருவில் இதைத் தவறவிடவே கூடாது.

பரண்

கால்கள் மேல் உயர்த்திக் கட்டி, எச்சம் இடைவெளி வழியே கீழே விழும்படி அமைத்த தளம்தான் பரண். தாழ்வான பகுதிக்கு எங்கள் தேர்வு இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுச் சுவரில் கறை சொல்லும். அந்தக் கோட்டுக்கு மேல் அரை அடி விட்டுப் பரண் தளம் வரட்டும். சுத்தம் செய்யக் கை நுழைய வேண்டும் என்பதால் குறைந்தது 3 அடி.

தளத்துக்குச் சவுக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் போடலாம். பிளாஸ்டிக் தட்டுத் தளம் இன்னும் நல்லது, காலை அறுக்காது. மெஷ்ஷுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு தாங்குசட்டம் வேண்டும். தொய்ந்தால் கோழிகள் பள்ளத்திலேயே குவியும், பாதம் வீங்கும். சவுக்குக் காலை நேராக மண்ணில் நட்டால் உளுத்துவிடும், சிமெண்ட் குழாய்த் துண்டில் நிறுத்துங்கள். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் ரத்தக் கழிச்சல் பெருமளவு குறைகிறது.

குறையும் உண்டு. மரச் சட்ட இடுக்கில் கோழி உண்ணி பகலெல்லாம் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும். கொண்டை வெளுத்த கோழியைப் பார்த்தால் இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். கோழிகளை வெளியேற்றிவிட்டு இடுக்குகளில் தீச்சுடர் காட்டினால் போகும். குஞ்சுகளுக்கும் பரண் ஆகாது. முதல் 4 வாரம் தரைக் கூளத்தில், ஒன்றரை அடித் தடுப்புக்குள், குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு வைத்துத்தான் வளர்க்க வேண்டும். எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், சூடு தராது.

எந்த முறையானாலும் அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். பூனையும் பெருச்சாளியும் கிழித்துவிடும். வெளிப்பக்கம் அரை அங்குல வெல்டு மெஷ்தான் போட வேண்டும். மழைப்படுதாவை மேலிருந்து கீழே இறக்காதீர்கள். கீழே கட்டி மேலே இழுக்கிற மாதிரி அமைத்து, மேலே ஒரு அடி திறந்திருக்கட்டும். அடைத்த கொட்டகையில் அமோனியா வெளியேற அந்த இடைவெளிதான் வழி.

நிப்பிளா, மணித் தொட்டியா?

கோழிக்குத் தண்ணீர் வைக்க இந்த இரண்டும்தான் வழி. மணி வடிவில் தொங்கும் மணித் தொட்டியைத் தினமும் கழுவ வேண்டும், விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் தொங்க வேண்டும். தாழ்ந்தால் தண்ணீர் கூளத்தில் சிந்தும். நிப்பிள் என்பது குழாயில் பொருத்தும் ஊசி, கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும். அது சுத்தம், சிந்தாது என்பார்கள். மாடித் தொட்டியிலிருந்து நேராக இணைத்தால் அழுத்தம் தாங்காமல் சொட்டிக்கொண்டேயிருக்கும். நடுவில் மிதவை வால்வு வைத்த 20 லிட்டர் வாளியை, நிப்பிளுக்கு 2 அடி மேலே வையுங்கள்.

மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய போர் தண்ணீரில் நிப்பிள் ஊசியில் வெள்ளைப் படிவம் கட்டும். சிலது அடைக்கும், சிலது மூடாமல் ஒழுகும். சிட்ரிக் அமிலக் கரைசலை இரவு குழாயில் நிறுத்தி, காலையில் அலசிவிட்டால் கரையும். அப்படிப்பட்ட தண்ணீருக்கு மணித் தொட்டியே நிம்மதி. சித்திரை வைகாசியில் வெயிலில் கிடக்கும் குழாய்த் தண்ணீர் கொதித்துப்போகும், கோழி தொடாது. மதியம் ஒருமுறை குழாயைத் திறந்து சூட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

மெட்ரோ வாட்டரில், வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பூசி கலப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள குளோரின் தடுப்பூசிக் கிருமியைக் கொன்றுவிடும். முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்த தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைத்து, அரை மணி கழித்து மருந்தைக் கலக்குங்கள். கோழி இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டும் வையுங்கள்.