இரட்டை மின் பால் பம்ப்: வேலைக்குத் திரும்பும் தாய்மார் வாங்கலாமா?

84 நாள் பிரசவ லீவு முடியும்போது பிள்ளைக்கு மூன்று, நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். கொழும்புக் கோட்டையில் வேலை, தெஹிவளையில் வீடு என்றால் காலி வீதி நெரிசலையும் சேர்த்து நாளுக்குப் பத்து மணித்தியாலம் பிள்ளையை விட்டிருக்க வேண்டும். அப்படியான தாய்க்குச் சார்ஜ் பண்ணக்கூடிய இரட்டை மின் பம்ப் கொடுக்கும் காசுக்குத் தகுந்த பொருள்தான். கைப்பம்பில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து முடிப்பதற்குள் இடைவேளை போய்விடும். இதில் இரண்டு பக்கமும் சேர்ந்து 15 முதல் 20 நிமிடத்தில் முடியும்.

எவ்வளவு பால் தேவை என்ற கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் குறையும். ஒன்று முதல் ஆறு மாதப் பிள்ளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மி.லீ. குடிக்கும், அதாவது மணிக்கு 30 மி.லீ. அளவில். பத்து மணித்தியாலத்துக்கு 300 மி.லீ. போதும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை எடுத்தால் சரி. ஒரு தடவைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 60 முதல் 120 மி.லீ. வருவது இயல்பு. நிரம்பி வழியும் போத்தல்களின் படத்தைப் பார்த்து உங்களுக்குப் பால் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள்.

கடையில் எல்லோரும் மோட்டார் எவ்வளவு பலமாக இழுக்கும் என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது மார்பில் பொருத்தும் புனலின் அளவு. பெட்டிக்குள் பெரும்பாலும் 24 மி.மீ. புனல் இருக்கும், சிலதில் 28. முலைக்காம்பின் அடிப்பகுதியைக் குறுக்காக மி.மீ. கணக்கில் அளந்து, அதோடு மூன்று மி.மீ. வரை கூட்டினால் உங்கள் அளவு கிடைக்கும். புனல் சிறிதென்றால் காம்பு சுவரில் உரசிப் புண்ணாகும், நுனி வெளிறும். பெரிதென்றால் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும், பாலும் சரியாக வராது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. பெரிய புனலுக்குள் சிலிக்கன் வளையம் போட்டுச் சிறிதாக்கலாம்.

முதலில் வேகமான, மெல்லிய இழுப்பில் ஓட விடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் சுரந்து ஓடத் தொடங்கியதும் மெதுவான, ஆழமான இழுப்புக்கு மாற்றுங்கள். நோகும் அளவுக்குக் கூட்டினால் பால் கூடாது, குறையும். வலியில் உடம்பு இறுகிச் சுரப்பு தடைப்படும்.

சில வாரங்களில் “பம்ப் பழுதாகிவிட்டது” என்று கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். வாத்தின் அலகு போல இருக்கும் அந்தச் சிறு சிலிக்கன் துண்டின் வாய் இறுக மூடியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடிக்கும்போது கீறல் திறந்து தெரிந்தால் காற்றுக் கசிகிறது, புதியது போட வேண்டும். தூரிகையை உள்ளே விட்டுத் தேய்ப்பதும், கொதிக்கும் சட்டியின் அடியில் ஒட்ட விடுவதும்தான் அதைக் கெடுக்கின்றன. தினமும் பாவித்தால் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டி வரும். ஆகவே உதிரி வால்வு கிடைக்காத பம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கனடாவிலிருந்து மாமி அனுப்பியது என்றால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் எரிந்துவிடும். ஒருவர் பாவித்த பம்பை இன்னொருவர் எடுப்பதென்றால், பால் மோட்டார் பக்கம் போகாமல் தடுப்புள்ள மூடிய வகையா என்பது முக்கியம். தடுப்பில்லாத வகையில் உள்ளே பூஞ்சை பிடித்தால் கழுவ வழியே இல்லை. மோட்டாருக்குப் போகும் டியூபில் ஈரம் கண்டால் டியூபை மட்டும் மாட்டி இரண்டு, மூன்று நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்த டியூபை எறிந்துவிடுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டல் இடைவேளைகள் இலங்கைச் சட்டத்தில் உண்டு. வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், இருந்தால் அரை மணித்தியாலம். 2018 திருத்தங்களின் பின் கடை, அலுவலக ஊழியருக்கும் இது உண்டு. லீவு முடியுமுன்பே எழுத்தில் கேளுங்கள், பூட்டக்கூடிய ஓர் அறையையும் சேர்த்து. கழிவறையில் உட்கார்ந்து எடுக்கும்படி எந்தத் தாயையும் விடக்கூடாது.

எடுத்த பால் 25 பாகைக்கு உட்பட்ட அறையில் நான்கு மணித்தியாலம் தாங்கும். கொழும்பு வெக்கையில் அதை நம்ப வேண்டாம், எடுத்த கையோடு பிரிஜ்ஜில் வையுங்கள். இறுக உறைந்த ஐஸ் பொதியோடு குளிர்ப் பையில் 24 மணித்தியாலம், பிரிஜ்ஜில் நான்கு நாள், பிரீசரில் ஆறு மாதம். 60 முதல் 90 மி.லீ. அளவில், திகதி எழுதி, கதவில் அல்லாமல் உட்புறத்தில் அடுக்குங்கள். கரண்ட் போனால் பிரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்த பிரீசர் இரண்டு நாள் வரை குளிரைப் பிடிக்கும்.

வீட்டில் பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்: பால் இரண்டு படையாகப் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளம் இல்லை, மேலே மிதப்பது கொழுப்பு. மெல்லச் சுழற்றினால் சேரும். உறைய வைத்த பாலில் சவர்க்கார வாசம் வருவதும் பாலிலுள்ள நொதியால்தான், குடிக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை வைத்துச் சூடாக்கட்டும், மைக்ரோவேவ் வேண்டாம். போத்தல் சூப்பிக்குப் பதிலாகச் சிறு கோப்பையால் பருக்கப் பழக்கினால் பிள்ளை மார்பை மறக்காது.

உள்ளாடைக்குள் வைக்கும் வயரில்லாத வகை இப்போது பேசப்படுகிறது. பஸ்ஸிலும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் காம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது கடினம், குனிந்தால் பால் கொட்டும். முதல் பம்பாக அதை வாங்க வேண்டாம். அரைநாள் மட்டும் வேலைக்குப் போகிறவருக்கு மின் பம்பே தேவையில்லை, கையால் பீச்சி எடுக்கும் முறையை மிட்வைஃபிடம் பழகினால் போதும். மார்பில் கட்டியும் காய்ச்சலும் கண்டால் பம்பின் வேகத்தைக் கூட்டாமல் அன்றே வைத்தியரிடம் போங்கள்.