கொத்தனார் பெயரில் பட்டா இருந்த கதை: எங்கள் பாய்க் கடையின் இணையதளச் செலவு

பத்தமடையில் கோரைப் பாய் நெய்து விற்கிறோம். உம்மா காலத்திலிருந்து இதுதான் தொழில். மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிற கல்யாணப் பாய்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வெளியூரிலிருந்து கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியே என் சாயங்காலங்கள் கழிந்ததால் இணையதளம் தொடங்க நினைத்தேன். அதை இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை செய்துகொடுத்த சேரன்மகாதேவிப் பெண்ணின் வேலையைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதல் முறை நடந்ததைச் சொல்லாவிட்டால் அவருடைய அருமை விளங்காது.

முதலில் போன அலுவலகத்தில் 9,999 ரூபாய், எல்லாம் சேர்த்து என்றார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். ஓராண்டு முடிந்ததும் 16,500 ரூபாய்க்கு பில் வந்தது. ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் கணினி இடத்தின் வாடகை) புதுப்பிப்பு, டொமைன் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) புதுப்பிப்பு, பராமரிப்பு, அதோடு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 2,000. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. “தளம் வேண்டாம், பெயரை மட்டும் எங்களுக்கு மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்ட அன்றுதான் உண்மை வெளிவந்தது. டொமைன் அவர்கள் பெயரில், அவர்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. வீடு என்னுடையது, பட்டா கொத்தனார் பெயரில். அந்த முகவரியை பில் புத்தகத்திலும் ஆயிரம் துணிப்பையிலும் அச்சடித்து வைத்திருந்தேன். அந்தப் பைகளைப் பார்க்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

சேரன்மகாதேவிப் பெண் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். போன உடனே விலை சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் ஒருமுறைச் செலவு, வலது பக்கம் ஆண்டுதோறும் வரும் செலவு. “அக்கா, வலது பக்கத்தை உங்களால் வருஷா வருஷம் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் இடது பக்கத்தைத் தொடவே வேண்டாம்” என்றார். இப்படி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

டொமைனை என் கைபேசியிலேயே, என் மின்னஞ்சலில், என் கார்டில் பதிவு செய்ய வைத்தார். ஓடிபி எனக்குத்தான் வந்தது. மூன்று ஆண்டுக்கு 2,350 ரூபாய். ஹோஸ்டிங்கும் மூன்று ஆண்டுக்கு, ஜிஎஸ்டி உட்பட 9,400. விளம்பரத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் விலை என்றும், புதுப்பிக்கும்போது அது ஏறிவிடும் என்றும் அந்தப் பக்கத்தைத் திறந்து கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். தளத்தை அமைக்கும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ், இந்த மென்பொருள்கள் இரண்டும் இலவசம். அவருடைய உழைப்புக்கு 18,000. படமெடுக்க 3,500. மொத்தம் 33,250. முதல் அலுவலகம் சொன்னதைப் போல மூன்று மடங்குக்கு மேல்தான். ஆனால் இதில் எனக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த ரூபாய் ஒன்றுகூட இல்லை. மாதம் 300 ரூபாய்க்கு மென்பொருளைப் புதுப்பித்து, தளத்தின் பிரதியும் எடுத்து வைக்கிறார். அந்தப் பிரதி ஒன்றை மாதாமாதம் எனக்கும் அனுப்பிவிடுகிறார்.

படத்துக்குக் கொடுத்த 3,500 தான் எல்லாவற்றிலும் பயனுள்ள செலவு. மொட்டை மாடியில் காலை வெயில் ஏறுவதற்கு முன்பு எடுத்தார்கள். மெல்லிய கோரை இழையில் நெய்யும் பட்டுப்பாயின் மினுமினுப்பு டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு விற்பனையிலும், வாடிக்கையாளர் கட்டும் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும் என்பதையும் தாளில் எழுதியிருந்தார். 6,000 ரூபாய்ப் பாய்க்கு 141 ரூபாய் 60 காசு. அதை விலையிலேயே சேர்த்துவிட்டேன்.

இருவருமே கோட்டை விட்டது கூரியர் கட்டணத்தில். பாயைத் தராசில் வைத்து, எடைக்கு ஏற்ற கட்டணத்தைத் தளத்தில் போட்டோம். கூரியர்காரர்கள் இடத்தையும் எடையாக்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குப் பணம். நான்கடி அகலப் பாயைச் சுருட்டினால் 122 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் கனம். கணக்கு மூன்றரை கிலோவுக்கு வருகிறது. தராசில் பாதிகூட இல்லை. முதல் பதினொரு பார்சலுக்கும் என் கையிலிருந்து போட்டேன். சொன்னதும் அன்றிரவே அளவுக்கணக்கில் மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. பட்டுப்பாயைச் சின்னதாக மடித்துவிடலாம் என்பதால் அதற்குத் தனிக் கட்டணம் வைத்தார். நீளமான பொருள் விற்பவர்கள், ஊதுபத்தி போல லேசான சரக்கைப் பெரிய பெட்டியில் அனுப்புபவர்கள், இந்த வகுத்தலை முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. நாற்பது நாள் என்றது அறுபத்து மூன்று நாள் ஆயிற்று. அதில் ஒரு வாரம் என்னால்: அச்சகத்தில் வாங்கிய எழுத்துக் கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்ததால் தளத்தில் போட்டதும் புரியாத குறிகளாகிவிட்டது. எல்லாத் தளங்களிலும் சரியாகத் தெரியும் யூனிகோட் முறையில் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தேன். மற்ற தாமதம் அவருடையது. ஃபோனை எடுக்காத நாட்களும் உண்டு. மணமக்கள் பெயரை எழுதும் பெட்டி தொடக்கத்தில் கைபேசியில் பாதிதான் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளர் ‘ஷண்முகப்பிரியா’வை முழுதாக அடிக்க முடியாமல் விட்டுவிட, நான் கூப்பிட்டுக் கேட்காமல் நெய்திருந்தால் ஒரு கல்யாணப் பாய் வீணாகியிருக்கும். இப்போது பெட்டியைப் பெரிதாக்கி, நெய்யப்போகும் எழுத்தைக் காட்டி “இது சரியா” என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டவே விடுகிறது.

பதினான்கு மாதத்தில் 61 பாய் தளம் வழியாகப் போயிருக்கிறது. அதில் 27 கல்யாணப் பாய். எங்கள் அளவுக்கு இது பெரிய எண்ணிக்கை. அடுத்த புதுப்பிப்புக்காக மாதம் 350 ரூபாயை அஞ்சலகக் கணக்கில் தனியாகப் போட்டு வருகிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். தாமதத்துக்காக ஒன்றைக் குறைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் அவர் எடுப்பதில்லை. வைகாசி முகூர்த்தத்துக்குள் தளம் வேண்டும் என்பவர்கள் தை மாதமே போய்ப் பேசுங்கள்.