சிறுவர் தோட்டக் கிட்: பெட்டியில் எது தேறும்?

மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று விற்கும் தோட்டக் கிட்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: 650 கிராம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, 9 அங்குல வளர்ப்புப் பை மூன்று, நாலைந்து விதைப் பொட்டலம், கரண்டி, களைக்கொத்து, குட்டிப் பூவாளி.

இதில் காசுக்கு மதிப்பு அந்தக் கட்டிதான். அகலமான டப்பில் வைத்து, பிள்ளை கையில் ஒரு மக்கைக் கொடுத்து எண்ணி எண்ணி ஊற்றச் சொல்லுங்கள். மூன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து, செங்கல் மாதிரி இருந்தது எட்டு ஒன்பது லிட்டராக உப்பி உதிரும். அளவு என்றால் என்ன என்று அந்த வயதுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. முதல் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள். சில கட்டிகளில் உப்பு அதிகம், அலசாவிட்டால் நாற்றின் இலை ஓரம் கருகும்.

பெட்டியில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கோகோபீட்டில் சத்து கிடையாது. அதே அளவு செம்மண், அதே அளவு மண்புழு உரம் சேர்த்தால்தான் மூன்று பையும் நிரம்பும், செடியும் வளரும். இரண்டையும் தனியாக வாங்க வேண்டும்.

விதைப் பொட்டலத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருந்தால் திரம் போன்ற பூஞ்சைக்கொல்லி பூசிய விதையாக இருக்கும். விரலைச் சூப்பும் வயதில் அது வேண்டவே வேண்டாம். சாயமில்லாத நாட்டு விதையாக மாற்றிக்கொள்ளுங்கள். குடைமிளகாய், ஸ்ட்ராபெரி படம் போட்ட பொட்டலங்களையும் ஒதுக்கலாம். சமவெளி வெயிலில் அவை பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை தண்டுக்கீரையும் வெண்டையும். கீரை விதை ஒரு கரண்டிக்கு மணல் நாலு கரண்டி கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. எறும்பு விதையை இழுத்துப் போகும். பையின் ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் தூவினால் அதன் கவனம் அங்கே திரும்பும். கீரை மூன்று நாலு நாளில் முளைக்கும், நாலாவது வாரம் இளங்கீரையாகப் பிடுங்கலாம்.

வெண்டைக்குப் பிள்ளையின் ஆள்காட்டி விரலே அளவுகோல்: முதல் கணு வரை குழி, குழிக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். வெட்டக் கூடாதென்று அழும் பிள்ளை உண்டு, அவசரப்படுத்த வேண்டாம். பூ காலையில் விரிந்து மாலைக்குள் வாடிவிடும். விரிந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு ஐந்தாறு நாள் எண்ணச் சொன்னால், காயைப் பறிக்கும் நாளைப் பிள்ளையே சொல்லும். அதையும் தாண்டினால் நார் ஓடும். சந்தையில் பாட்டி செய்வதுபோல நுனியை ஒடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 9 அங்குலப் பையில் ஒரு செடிதான், காயும் சுமாராகத்தான் வரும். 12 அங்குலப் பை இருந்தால் நல்லது.

பூவாளிதான் பலவீனம். துளை பெரிதாக இருந்தால் கீரை விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் பெரியவர்கள் பத்துத் துளை போட்டால் போதும், பிள்ளை தூக்கும் எடையும் அதுதான். பிள்ளைகளால் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான்: தண்டின் அடி நீர்க்கோத்து மெலிந்து நாற்று சாயும். ஊற்றும் முன் விரலை விட்டுப் பார்க்கப் பழக்குங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விடுமுறை.

ஆடிப்பட்டத்துக்கு முன் வாங்குவது உத்தமம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் இந்தச் சின்னப் பை மதியத்துக்குள் காய்ந்துவிடும்; அப்போது காலையும் மாலையும் ஊற்ற ஆள் வேண்டும், அல்லது பையை நிழல்வலைக்குக் கீழே நகர்த்த வேண்டும்.