வெள்ளை பல்பா, மஞ்சள் பல்பா, அகலா?

வீட்டுக்குப் பல்பு மாற்றலாம் என்று அம்மாப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். "வெள்ளையா, வார்மா?" என்றார் கடைக்காரர். மஞ்சளைத்தான் வார்ம் என்கிறார். வெள்ளை டப்பாவில் 6500 கெல்வின், மஞ்சளில் 3000. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. எண் ஏற ஏற வெளிச்சத்தில் நீலம் கூடும்.

வேலைக்கு வெள்ளைதான். அத்தை வீட்டுத் தறிக்கு மேலே தொங்குவது அதுதான். வெண்பட்டுப் பாவில் ஒரு இழை அறுந்தால் மஞ்சள் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாது என்பார் அத்தை. அரிசியில் கல் பொறுக்கவும் பிள்ளைகள் படிக்கவும் அதுவே தோது.

ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே வெள்ளை தூக்கத்தைக் கெடுக்கும். நம் விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. 2002-ல்தான் அவை உறுதியாகத் தெரியவந்தன. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் பட்டால், 'இன்னும் பகல்தான்' என்று அவை சேதி அனுப்பும். தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். மஞ்சளில் அந்த நீலம் குறைவு. அதற்காகப் படுக்கையறையில் நாலு மஞ்சள் பல்பைப் பளீரென்று எரியவிட்டால் பயனில்லை. நிறத்தோடு அளவும் குறைய வேண்டும்.

சிவப்பு தெம்பு தரும், பச்சை நோய் தீர்க்கும் என்று விற்கும் கலர் பல்புகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. மஞ்சள் காமாலை வந்த பச்சிளம் குழந்தையை நீல விளக்கில் வைப்பது வேறு விஷயம். அந்த ஒளி தோலுக்குள் இருக்கும், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபினையே மாற்றி வெளியேற வைக்கிறது.

மனச்சோர்வுக்கு? வெள்ளை பல்பு, மஞ்சள் பல்பு, அகல் மூன்றையும் விட காலை வெளிச்சம்தான் பெரிது. குளிர்நாடுகளில் குளிர்காலச் சோர்வுக்கு 10,000 லக்ஸ் (மேலே விழும் வெளிச்சத்தின் அளவு) விளக்கின் முன் அரைமணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நம் வீட்டு அறையில் இருப்பது சில நூறு லக்ஸ். ஏற்காட்டில் மேகம் மூடிய காலையில்கூட, லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் வெட்டவெளியில் நின்றால் கண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கீழே சேலத்தில் மொட்டை மாடிக்கு ஏறினாலே போதும். நான் எட்டு மணிக்குள் இருபது நிமிடம் நடக்கிறேன், மனசுக்கு அதில் நல்ல தெளிவு.

அப்புறம் அகல். வெளிச்சக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை, அதை வைத்துப் படிக்க முடியாது. ஆனால் மற்ற விளக்கையெல்லாம் நிறுத்திவிட்டு அதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அலைகிற கண் அந்த ஒரே சுடரில் போய் நிற்கிறது. கண் நின்றால் மூச்சும் தணிகிறது. இதை எந்த பல்பும் எனக்குத் தந்ததில்லை.

அதனால் வேலை செய்யும் இடத்துக்கு 6500, படுக்கையறைக்கு மட்டும் 3000 என்று வாங்கி வந்தேன். அத்தையிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல ஆறரைக்குத் தறி பல்பை நிறுத்தி, நல்லெண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டார். விளக்கைக் குளிர வைக்கும் வரை தறிப்பக்கம் போகவில்லை.